பஞ்சிக்கும் விசருக்கும் இடையில் – மனச்சோர்வு நோய் பற்றிச் சில சிந்தனைகள்

நோய்களுக்குப் பெயரிடுவதில் தமிழ்மொழி வறுமையுற்றதன்று. காய்ச்சலையும் இருமலையும் வயிற்றுநோவையும் எமது சித்தவைத்திய ஏடுகள் எத்தனை வகையாகப் பகுத்துப் பெயரிட்டுள்ளன என்பதை எண்ணிப் பார்ப்போர் வியப்படைவர். ஆயின், மனிதரைப் பாயோடு பாயாகக் கிடத்திவிடும் ஒரு நோய்க்கு எமது ஊர்ப் பேச்சிலே ஏற்ற பெயரொன்று இன்றுவரை நிலைபெறவில்லை. எமது நாட்டுப் பாடநூல்கள் அதனை மனச்சோர்வு என்கின்றன. உளச்சோர்வு என்பாரும் உளர். தமிழகத்துப் பத்திரிகைகள் மன அழுத்தம் என்று எழுதுகின்றன. அழுத்தம் என்பது புறத்தேயிருந்து வருவது. பரீட்சைக் காலத்தில் எவருக்கும் உண்டாவது. சோர்வு என்பதோ மாலையில் வயலிலிருந்து மீள்பவருக்கும் உள்ளதே; ஒரு குவளை தேநீரோடு தீர்ந்துபோவது. இச்சொற்களைக் கேட்கும் ஒருவர், மருந்தும் மருத்துவமும் வேண்டிநிற்கும் நோயொன்றே ஈண்டுக் குறிக்கப்படுகிறது என எங்ஙனம் உணர்வார்?

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிற் பெரிதும் வழங்குவன இரண்டு சொற்களே. ஒன்று பஞ்சி, மற்றது விசர். எழுந்து தன் வேலையைப் பார்க்காதவருக்குப் பஞ்சி. தனக்குத்தானே பேசித் தெருவிலே திரிபவருக்கு விசர். முன்னையது குணக்குறை, பின்னையது குடும்பத்துக்கே இழுக்கு. இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவதாக ஒரு சொல் இல்லாமையினால், அவ்விடத்தில் நிற்கும் மனிதர் எவர் கண்ணிலும் படுவதில்லை. பட்டாலும் இரண்டிலொரு புறத்துக்குத் தள்ளப்படுகிறார்.

நான் மருத்துவபீட மாணவனல்லன். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில்பவன். எனினும் இந்நோய் முதலில் எனது சின்னம்மாவையும் பின்னர் என்னையும் பற்றியமையால், அதனைப் பற்றி அறிய வேண்டியவனானேன். அறிந்தவற்றை இச்சங்கத்து நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சின்னம்மா வடமராட்சியிலே வாழ்பவர். போர்க்காலத்திற் கணவரை இழந்தார். பலமுறை இடம்பெயர்ந்தார். சென்ற இடமெல்லாம் ஒரு தையல் இயந்திரத்தைச் சுமந்து சென்று, அதனாலேயே மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். அவர் உட்கார்ந்திருந்து நான் கண்டதில்லை என்றே சொல்லலாம். 2014ஆம் ஆண்டிலே அவருடைய மூத்த மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாள். வீட்டுக் கூரையும் புதிதாக வேயப்பட்டது. துன்பங்கள் ஒருவாறு முடிந்தன என்று அனைவரும் எண்ணிய அக்காலத்திலேதான் சின்னம்மா படுக்கையில் விழுந்தார்.

முதலிற் போனது உறக்கம். பின்னிரவு மூன்று மணிக்கு விழிப்பவர் விடியும்வரை முகட்டைப் பார்த்துக் கிடப்பார். பிறகு பசி போயிற்று. தைப்பதற்கென வந்த துணிகள் பையோடு கிடந்தன. நாளுக்கு நூறு முறை பெருமூச்சு விடுவார். கேட்டால், "நெஞ்சுக்குள்ளை கல்லு வைச்ச மாதிரிக் கிடக்கு" என்பார். நெஞ்சுநோயென அஞ்சி வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். இதயத்துடிப்பைப் பதிந்து பார்த்துவிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லை என்றனர். ஒன்றுமில்லை என்ற அச்சொல்லே பின்னர் அவருக்கு எதிரான சாட்சியமாயிற்று. "கஷ்டப்பட்ட காலத்திலை ஓடித் திரிஞ்சவள், இப்ப என்ன குறை? பஞ்சி பிடிச்சிட்டுது" என்றனர் அயலவர். சாத்திரியார் ஏழரைச் சனி என்றார். இன்னொருவர் செய்வினை என்றார். நூல் கட்டப்பட்டது, தண்ணீர் ஓதப்பட்டது, கழிப்புக் கழிக்கப்பட்டது. தையலிற் சேர்த்த பணத்தில் ஒரு பகுதி இவ்வாறு போயிற்று. இவ்வாறு எட்டு மாதங்கள் கழிந்தன.

அவரை இனங்கண்டவர் வைத்திய நிபுணரல்லர். அயல்வீட்டுப் பச்சைக் குழந்தையைப் பார்க்க வந்த குடும்பநல உத்தியோகத்தரே. படலையடியில் நின்று சின்னம்மாவைக் கண்ட அவர், உள்ளே வந்து பாயிலமர்ந்து இரண்டு கேள்விகளைக் கேட்டார். "விடியப்புறம் எத்தினை மணிக்கு முழிப்பு வருது, அக்கா?" என்பது ஒன்று. "முந்திச் சந்தோசம் தந்தது ஏதும் இப்பவும் சந்தோசம் தருதோ?" என்பது மற்றது. சின்னம்மா அழத் தொடங்கினார். அடுத்த கிழமையே ஆதார வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவுக்கு அவரே உடன் அழைத்துச் சென்றார்.

அந்த இரு கேள்விகளும் நோயின் மையத்தைத் தொட்டவை என்பதைப் பின்னரே படித்தறிந்தேன். இடைவிடாத துயருணர்வு அல்லது எதிலும் நாட்டமின்மை, இவற்றுள் ஒன்றேனும் இருத்தல் வேண்டும். அதனோடு உறக்கக் கேடு, பசிக் கேடு, களைப்பு, ஒருமுகப்பட இயலாமை, உடலும் பேச்சும் மந்தமாதல் அல்லது அமைதியின்றித் தவித்தல், தான் பயனற்றவர், குற்றவாளி என்ற எண்ணம், சாவு பற்றிய நினைவு ஆகியவற்றுட் பல கூடி, குறைந்தது இரண்டு கிழமைகளேனும் நாள்தோறும் நீடித்து, ஒருவரது அன்றாட வாழ்வைக் குலைக்குமாயின் அதனை மருத்துவர் மனச்சோர்வு நோய் என்பர். எந்நேரத்திலும் உலகில் 25 கோடிக்கு மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. ஆண்களிலும் பெண்களிடையே இது மிகுதி.

எமது மக்களிடையே இந்நோய் பெரும்பாலும் உடலின் மொழியிலேயே பேசுகிறது. துயரமாயிருக்கிறது என்று சொல்லி எவரும் வைத்தியரிடம் செல்வதில்லை. தலையிடி, உடம்பு உளைவு, கை கால் எரிவு, நெஞ்சடைப்பு என்றே செல்வர். யாழ்ப்பாணத்திற் பல்லாண்டுகள் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், பெருமூச்சு என்பதையே எமது சமூகம் தன் துன்பத்தை வெளியிடும் ஒரு முறையாகக் கண்டு எழுதியுள்ளார். யோசனை என்ற சொல்லும் அத்தகையதே. ஏனைய இடங்களில் யோசனை என்பது சிந்தனை அல்லது ஆலோசனை. எமது ஊரில், "அவவுக்கு ஒரே யோசனை" என்றால், தீராத கவலை அவரை அரிக்கிறது என்பதே பொருள். சிம்பாப்வே நாட்டின் சோனா மொழியிலும் இதற்கு நிகரான சொல்லுண்டு. குஃபுங்கிசிசா என்னும் அச்சொல்லின் பொருளும் அளவுக்கு மீறி யோசித்தல் என்பதே. கடல்களுக்கு அப்பாலுள்ள இரு சமூகங்கள் ஒரே துன்பத்தை ஒரே உருவகத்தாற் குறித்தமை நோக்கத்தக்கது.

இங்கு எமது பழைய இலக்கியம் பற்றியும் சிறிது கூறல் பொருந்தும். உறக்கமிழத்தல், உணவை வெறுத்தல், மெலிதல், நிறம் மாறுதல் என்னும் இவற்றை நோய் என்ற சொல்லாலேயே அகப்பாடல்கள் குறித்தன. திருக்குறளின் காமத்துப்பாலில் உடல் வாடும் துயரைச் சொல்லப் பல அதிகாரங்கள் உள்ளன. பிரிவாலான அத்துயரை இந்நோயோடு ஒன்றெனக் கொள்ளல் தவறாகும். ஆயினும் மனத்தின் துன்பம் மெய்யிலே தோன்றும் என்பதை அப்புலவர்கள் நன்கறிந்திருந்தனர்.

அதனினும் சிறந்த பாடமொன்று குறிஞ்சித்திணையில் உண்டு. தலைவி மெலிகிறாள். தாய் காரணம் அறியாள். முருகனால் வந்த வருத்தமெனக் கருதி, வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகிறாள். ஆட்டுக்குட்டி பலியாகிறது, முற்றத்திற் பூக்கள் சிதறுகின்றன, மகளின் நோயோ தீர்ந்தபாடில்லை. உண்மையை அறிந்தவள் அருகிலிருக்கும் தோழியே. தாயை அப்பாடல்கள் கொடியவளாகக் காட்டுவதில்லை. அன்பு மிகுதியாற் செய்கிறாள். ஆயின் உரியவரைக் கேட்காமற் செய்கிறாள். சின்னம்மாவின் முற்றத்திற் கழிப்புக் கழித்த நாளிலே, வகுப்பிற் பின்னாளிற் படிக்கப்போகும் இந்தத் துறையை நான் கண்ணாற் கண்டேன் என இப்போது எண்ணுகின்றேன்.

தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறும். பிறரால் இகழப்படும் இளிவு, உரியோரையும் உடைமையையும் இழக்கும் இழவு, முன்னைய நன்னிலையினின்று தாழும் அசைவு, வறுமை என்பனவே அவை. இலண்டனின் கம்பவெல் பகுதியிற் பெண்களிடையே நெடுங்காலம் ஆராய்ந்த ஜோர்ஜ் பிறவுண், ரிறில் ஹரிஸ் என்னும் இருவரும் 1978இல் வெளியிட்ட நூலைப் படித்தபோது இந்நான்கும் என் நினைவுக்கு வந்தன. பெரும் இழப்புக்களும் நெடுநாள் இடர்களுமே அப்பெண்களை இந்நோய்க்கு உள்ளாக்கின என அவர்கள் கண்டனர். மனம்விட்டுப் பேசுதற்கு நெருங்கிய ஒருவர் இல்லாமை, சிறுவயதிலே தாயை இழந்தமை, வீட்டில் மூன்றோ அதற்கு மேலோ சிறுபிள்ளைகள் இருத்தல், வெளியே தொழிலில்லாமை ஆகியன நோயை எதிர்க்கும் ஆற்றலைக் குறைத்தன என்றும் காட்டினர். பின்னர், 1995இல், வெறும் இழப்பினும் இழிவுபடுத்தப்படுதலும் வெளியேற வழியின்றி அகப்பட்டிருத்தலுமே கூடுதலாக இந்நோயைத் தோற்றுவிக்கின்றன எனப் பிறவுண் குழுவினர் எழுதினர். இழவோடு இளிவையும் சேர்த்து எண்ணிய எமது இலக்கண ஆசிரியரின் கூர்மையை வியவாதிருத்தல் இயலாது.

துயரமெல்லாம் நோயாகுமா என்ற வினா இவ்விடத்தில் எழும். ஆகாது. பெற்றோரை இழந்தவர் அழுவது நோயன்று, அழாதிருப்பதே கவலைக்குரியது. சிக்மன்ட் புரொய்ட் 1917இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இவ்வேறுபாட்டை ஆராய்ந்தார். இழவுத்துயரில் உலகமே வெறுமையாகத் தோன்றும்; சோர்வு நோயிலோ தன் உள்ளமே வெறுமையாகித் தன்னையே இகழும் நிலை உண்டாகும் என்பது அவர் கருத்தின் சாரம். பேராதனையிற் பயின்று அங்கேயே சமூகவியல் கற்பித்த மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1985இல் இவ்வினாவை வேறொரு திசையிலிருந்து எழுப்பினார். வாழ்வு துன்பமயமானது, நம்பிக்கைக்கு இடமற்றது என்ற எண்ணத்தை மேலைநாட்டு மருத்துவர் நோயின் குறியென்பர். பௌத்தச் சூழலிலோ அதுவே தியானத்துக்கும் மெய்யுணர்வுக்கும் வாயிலாகலாம் என்றார் அவர். நிலையாமையைப் பாடிய எமது சித்தர் மரபுக்கும் இது பொருந்தும். கருதத்தக்க வாதமே. ஆயின் எனது சின்னம்மா உலகம் பொய்யென்று சொல்லவில்லை. "நான் ஒருத்தருக்கும் உதவாதவள்" என்றே சொன்னார். துறவி உலகைத் துறந்து அமைதியடைகிறார். நோயாளியோ தன்னைத் துறந்தும் அமைதி காண்பதில்லை.

இனி மருத்துவம் பற்றிச் சிறிது நோக்குவோம். முதலிற் செய்ய வேண்டியது உடலைப் பரிசோதித்தலே. தைரொயிட் சுரப்பியின் குறைபாடும் இரத்தச்சோகையும் இந்நோய் போன்றே தோற்றமளிக்கும். மதுப் பழக்கமும் பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய காலமும் சிறப்பாகக் கவனிக்கத்தக்கவை. எப்போதாவது அளவுமீறிய உற்சாகமும் உறக்கமற்ற பரபரப்பும் வந்தனவா என்பதையும் மருத்துவர் கேட்பார். வந்திருப்பின் அது இருமுனை நோயாகலாம். அதற்கு மருத்துவம் வேறு.

மருந்துகள் தற்செயலாகக் கண்டறியப்பட்டவை. காசநோய்க்குக் கொடுத்த இப்புறோனியாசிட் என்ற மருந்து 1950களின் தொடக்கத்தில் நியூயோர்க் வைத்தியசாலையொன்றில் நோயாளரை வழமைக்கு மாறான உற்சாகம் கொள்ளச் செய்தது. 1957இல் சுவிற்சர்லாந்து மருத்துவர் றோலன்ட் கூன், வேறொரு மனநோய்க்கெனத் தரப்பட்ட இமிப்பிறமீன் என்ற மருந்து அந்நோய்க்கு உதவாது மனச்சோர்வுக்கு உதவுவதைக் கண்டு வெளியிட்டார். 1987இன் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்ற புளுஒக்சற்றீன், பக்கவிளைவுகள் குறைந்ததாதலால் உலகெங்கும் பரவியது. இவ்வகைக் குளிசைகள் எமது அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

இவை எவ்வாறு செயற்படுகின்றன என்பது முற்றாகத் தெளிவாகவில்லை. மூளையிற் செறற்றோனின் என்ற பொருள் குறைவதே காரணமென ஒருகாலத்தில் எளிதாகச் சொன்னார்கள். அவ்வளவு எளிய விளக்கத்தை இன்று ஆய்வாளர் பெரும்பாலும் ஏற்பதில்லை. பரம்பரை, வாழ்க்கை நிகழ்வுகள், உடல்நிலை யாவும் கூடியே நோய் உண்டாகிறது. எனினும், எங்ஙனம் என்று தெரியாவிடினும் பலருக்கு மருந்து பயன்தருகிறது என்பது தேறப்பட்டது. நோய் கடுமையாகும் அளவுக்கு மருந்தின் பயன் தெளிவாகத் தெரிகிறது.

குளிசை குடிப்போர் அறிந்திருக்க வேண்டியன சிலவுண்டு. இது தலையிடிக் குளிசை போன்று ஒரு மணித்தியாலத்தில் வேலை செய்வதன்று. இரண்டு முதல் ஆறு கிழமைகள் செல்லும். பயனுக்கு முன்னரே குமட்டல், வாய் உலர்தல் முதலிய பக்கவிளைவுகள் வரலாம். எம்மவர் பலர் இக்கட்டத்திலேயே கைவிடுகின்றனர். முதல் மருந்தாற் பூரண சுகமடைவோர் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே. ஏனையோருக்கு அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டியிருக்கும். சுகமான பின்னரும் ஆறு மாதமேனும் தொடர வேண்டும்; இல்லாவிடின் நோய் மீளும். இவை மதுவைப் போன்று அடிமையாக்குவனவல்ல. ஆயினும் திடீரென நிறுத்தினால் தலைசுற்றும் பதற்றமும் வருமாதலால், மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைத்தல் வேண்டும். இருபத்தைந்து வயதுக்குட்பட்டோருக்கு மருந்து தொடங்கிய முதற் கிழமைகளிற் சாவெண்ணம் சிலவேளை கூடலாம். ஆதலால் அக்காலத்தில் அருகிருந்து கவனித்தல் அவசியம்.

மின்சிகிச்சை என்றதும் எமது மக்கள் நடுங்குவர். திரைப்படங்கள் அவ்வச்சத்தை வளர்த்துள்ளன. 1938இல் உரோம் நகரிற் செர்லெற்றி, பினி என்னும் இருவர் அதனைத் தொடங்கியபோது மயக்கமருந்தின்றியே செய்யப்பட்டது. எலும்புகள் முறிந்ததும் உண்டு. இன்றைய முறையில் மயக்கமருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்து, சில நிமிடங்களில் முடித்துவிடுகின்றனர். சிகிச்சையை அடுத்த காலத்து நினைவுகளிற் சில அழியலாம் என்பது உண்மை. ஆயின் உண்ணாமலும் பருகாமலும் கிடந்து உயிருக்கு ஆபத்தான நிலையை அடைந்தோருக்கு, அதனினும் விரைந்து உதவும் மருத்துவம் அரிது.

பேச்சு மருத்துவம் மற்றொரு வழி. பிலடெல்பியாவின் ஆரன் பெக் உளப்பகுப்பாய்விற் பயிற்சி பெற்றவர். தன்மீதே திரும்பிய கோபம்தான் இந்நோய் என்ற கொள்கையை நிறுவுவதற்காக அவர் நோயாளரின் கனவுகளை ஆராய்ந்தார். கனவுகளிற் கோபம் இருக்கவில்லை. தோல்வியும் இழப்புமே இருந்தன. விழித்திருக்கையிலும் அவர்கள் தம்மையும் உலகையும் எதிர்காலத்தையும் இருளாகவே கண்டனர். அவ்வெண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சான்று கேட்டுச் சோதிக்கும் முறையை அவர் 1960களில் வகுத்தார். நடுத்தர நிலை நோய்க்கு இது மருந்துக்கு நிகராகப் பயன்தருவதாகக் காணப்பட்டுள்ளது. அதனினும் எளிய முறை, மனம் வரும்வரை காத்திராமல் சிறுசிறு செயல்களை நேர அட்டவணைப்படி செய்வித்தல். செயல் முன்னே போக மனம் பின்னே வரும் என்பது அதன் தத்துவம்.

உளவளத்துணையாளர் போதாத எமது நாட்டுக்குச் சிம்பாப்வேயின் அனுபவம் பெரிதும் ஏற்றது. உளமருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் ஹராரே நகரின் வறிய பகுதியொன்றிலே பதினான்கு பாட்டிமாரைப் பயிற்றினார். சிகிச்சை நிலையத்து முற்றத்தில் ஒரு மரவாங்கு. அதிலே பாட்டியும் நோயாளியும் அமர்ந்து பேசுவர். பல பிரச்சினைகளுள் ஒன்றைத் தெரிந்து, அதற்கொரு தீர்வைச் சேர்ந்து தேடுவர். 2016இல் வெளியான ஆய்வு, வழமையான சிகிச்சை பெற்றோரிலும் இவ்வாங்கில் அமர்ந்தோர் தெளிவாகக் குணமடைந்தனர் எனக் காட்டியது. எமது ஊர்களில் வாங்குகளும் உள்ளன, ஆச்சிமாரும் உளர்.

எனது நோய் 2022ஆம் ஆண்டில், நான் இரண்டாம் வருடத்திற் பயிலும்போது வந்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்று களைத்திருந்த காலம் அது. எல்லோரும் சோர்ந்திருந்தமையால் என் சோர்வை எவரும் வேறாகக் காணவில்லை. அந்நிலையை எழுத்தில் வடித்தல் எளிதன்று. வழமையாக ஒரு மாலையிற் படித்து முடிக்கும் நூலின் ஒரு பக்கத்தை நான்கு நாட்களாக விரித்து வைத்திருந்தேன். எழுத்துக்கள் தெரிந்தன, சொற்கள் தெரிந்தன, வாக்கியம் மட்டும் கூடிவரவில்லை. குளிப்பதற்கு எழுவது மலையேறுவது போலிருந்தது. வீட்டிலிருந்து அம்மா தொலைபேசியில் அழைத்தால், அவர் குரலைக் கேட்டும் எவ்வுணர்ச்சியும் எழாதிருப்பது எனக்கே அச்சத்தைத் தந்தது. அழுகை வந்திருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும். அழுகையும் வரவில்லை.

சின்னம்மாவைக் கண்டிருந்தமையே எனக்கு உதவிற்று. மூன்றாம் கிழமையில், பின்னிரவு மூன்று மணிக்கு விழித்துக் கிடந்தபோது, இதற்கொரு பெயருண்டு, இதிலிருந்து எழுந்தவர் ஒருவரை நான் அறிவேன் என்ற நினைவு வந்தது. அந்நினைவே என்னை வைத்தியரிடம் இட்டுச் சென்றது. குளிசை தந்தனர், பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை உளவளத்துணையாளர் ஒருவரோடு பேசும் ஒழுங்கும் செய்தனர். அவர் அறிவுரை எதுவும் கூறவில்லை. நாளைக் காலை செய்யக்கூடிய மிகச் சிறிய செயல் எது என்று மட்டும் கேட்பார். முகம் கழுவுதல் என்றேன் முதன்முறை. அதுவே போதும் என்றார்.

விடுதியில் என் பக்கத்து அறை நண்பன் செய்ததையும் சொல்ல வேண்டும். அவன் கணித மாணவன், சொற்சுருக்கம் உடையவன். "மனசைத் தளரவிடாதை" என்று அவன் சொல்லவில்லை. "உன்னிலும் கஷ்டப்படுறவை எத்தினை பேர்" என்றும் சொல்லவில்லை. மாலைதோறும் சோற்றுப் பார்சலோடு வந்து, தன் கணக்குப் புத்தகத்தை விரித்துக்கொண்டு என் அறையில் உட்கார்ந்திருப்பான். ஒருநாள், "சாகவேணும் எண்டு யோசினை வருதோ?" என்று நேராகவே கேட்டான். வருகிறது என்றேன். அன்றிரவு தன் பாயை என் அறைக்குக் கொண்டுவந்தான். மறுநாட் காலை என்னோடு வைத்தியரிடம் வந்தான். அவ்வாறு கேட்பது எண்ணத்தைத் தூண்டிவிடும் என்று பலர் அஞ்சுவர். அவ்வச்சத்துக்கு ஆதாரமில்லை என்பதே ஆய்வாளர் முடிபு. எனக்கோ, எவரிடமும் சொல்லமுடியாத பாரம் அக்கேள்வியால் ஒருவாறு இறங்கிற்று. ஏறத்தாழ இரண்டு மாதங்களின் பின் ஒருநாள், மாவலி ஆற்றங்கரையால் நடந்து வருகையில் மழைமணம் என் மூக்கில் ஏறிற்று. மணங்கள் இத்தனை நாளும் இல்லாதிருந்தன என்பதை அப்போதே அறிந்தேன்.

உயிரை மாய்த்தல் பற்றி எமது நாடு கற்ற பாடமொன்றையும் இங்குக் குறிப்பிடல் தகும். 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் ஒவ்வோராண்டும் தம்முயிரைப் போக்கிக்கொண்டனர். உலகின் மிகவுயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. கொடிய நச்சுத்தன்மையுள்ள பீடைகொல்லிகள் 1995 முதற் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின், இருபது ஆண்டுகளில் அவ்விகிதம் மூன்றிலொரு பங்களவுக்குக் குறைந்தது. ஒரு கணத்து வெறியைக் கடந்துவிட்டால் மனிதர் வாழவே விரும்புவர் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 1998இல் நீக்கப்பட்டது. 1974 முதல் இயங்கிவரும் சுமித்திரயோ நிறுவனம் துயருற்றோரின் சொற்களைப் பொறுமையோடு கேட்டு வருகிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் அத்தகையோருக்காகவே உள்ளது.

வசதிகள் முன்னரிலும் கூடியுள்ளன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னர் உளமருத்துவப் பணி மாவட்டங்கள்தோறும் பரவத் தொடங்கியது. 2005இல் தேசிய உளநலக் கொள்கை வகுக்கப்பட்டது. முன்னர் கொழும்பை அடுத்த அங்கொடைக்கே செல்ல வேண்டியிருந்தோர் இன்று தம்மூருக்கு அண்மையிலேயே மருந்து பெறலாம். ஆயினும் அங்கொடை, மந்திகை என்னும் ஊர்ப்பெயர்களை வசைச்சொற்களாக வழங்கும் வழக்கத்தை நாம் விட்டுவிடவில்லை. மனிதர் சுகமடையும் இடத்தின் பெயரை எள்ளலுக்கு எடுத்துக்கொண்ட சமூகத்தில், அவ்விடத்துக்குச் செல்ல எவர் துணிவார்?

சின்னம்மா ஆறாம் கிழமையில் எழுந்தார். கறிக்கு உப்புக் காணாது என்று அவர் குறை சொன்ன நாளைக் குடும்பமே கொண்டாடியது. ஆயின் அவர் குளிசை குடிப்பது அயலுக்குத் தெரியக்கூடாதென்பதில் எங்கள் பெரியோர் உறுதியாயிருந்தனர். மூன்று பெண்பிள்ளைகள் உள்ள வீடு. சம்பந்தம் பேச வருவோர் பரம்பரையை விசாரிப்பர் என்றனர். வெல்லப் போத்தலுக்குப் பின்னால் மருந்துப் பை ஒளிந்திருந்தது. அவ்வச்சத்தைப் பொய்யென ஒதுக்கிவிடவும் இயலாது. மூத்த மகளுக்கு முதலில் வந்த சம்பந்தம், எவரோ சொல்லக் கேட்டு, நின்றுபோனது. அடுத்து வந்தோரிடம் சின்னம்மா தாமே சொன்னார். நடுக்கூடத்தில், பெரியோர் பார்த்திருக்க, "எனக்கு மனச்சோர்வு நோய் வந்தது, மருந்து குடிச்சுச் சுகமானனான், திரும்ப வந்தாலும் மருந்து குடிப்பன்" என்றார். மாப்பிள்ளையின் தாயார் சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு, எந்த வைத்தியரிடம் காட்டினீர்கள் என்று கேட்டார். அக்கேள்வி யாருக்காகக் கேட்கப்பட்டதென்பதை எவரும் விசாரிக்கவில்லை. அவ்வருடம் கலியாணம் நடந்தது.

எல்லாச் சம்பந்தமும் அவ்வாறு முடியும் என நான் சொல்லவில்லை. சொன்னதனால் இழந்தோரும் உளர். ஆயின் சொல்லாமையால் நாம் இழப்பவை கணக்கில் வருவதேயில்லை. எமது வகுப்புக்களிலும் விடுதிகளிலும் இவ்வேளையில் ஒரு பக்கத்தை விரித்து வைத்தபடி படிக்கவியலாது இருப்போர் உளர். அவர்களைப் பஞ்சியென்று ஏசுதலும் விசரென்று ஒதுக்குதலும் வேண்டாம். தமிழ்ச் சங்கத்தார் சொல்லாக்கத்தில் வல்லவர்கள். கலைச்சொற்கள் பலவற்றை ஆக்கியோர் வழிவந்தவர்கள். இந்நோய்க்குப் புதுச்சொல் ஆக்குவதினும், உள்ள சொல்லை வெட்கமின்றி வழங்குவதே இன்று வேண்டுவது. நீரிழிவு என்று சொல்லும் அதே குரலில் மனச்சோர்வு என்றும் நாம் சொல்லப் பழகுவோமாயின், பஞ்சிக்கும் விசருக்கும் இடையில் நிற்பவருக்கு நிற்பதற்கு ஓரிடமும், வைத்தியரிடம் செல்வதற்கு ஒரு வழியும் உண்டாகும்.